தானமாய் வந்த மாட்டின் பல்

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் கிராமங்களில் வழங்கிவரும் பழமொழி. கொடுப்பவர் மனம் கோணலாகாது என்னும் பண்பு அதில் அடங்கியிருக்கிறது. எனினும், தொழுவத்துக்கு வந்துவிட்ட மாட்டுக்கு எத்தனை பல், அஃது ஏருக்கு இசையுமா, கறவை நிற்குமா, இடும் தீவனத்துக்கு ஈடு செய்யுமா என்று எண்ணிப் பாராத உழவர் இலர். வாயால் கேளாவிடினும் மனத்தால் கணக்கிட்டே தீருவர்.

பொதுக் காரியங்களில் மட்டும் இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் அறநிலையம் ஒன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துக் கொடுத்தது. திறப்பு விழாவுக்குப் பந்தலிட்டோம், மாலை அணிவித்தோம், நன்றி கூறினோம். மின்கட்டணத்தை எவர் செலுத்துவது, வடிகட்டியை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது, அதற்குரிய பணம் எங்கிருந்து வருவது என்று ஊராரும் கேட்கவில்லை, பஞ்சாயத்தும் கேட்கவில்லை, கோப்பில் கையொப்பமிட்ட நாமும் கேட்கவில்லை. பதினான்காம் மாதம் அதன் கதவு பூட்டப்பட்டது. பெண்கள் மீண்டும் பழைய உப்புநீர்க் குழாய்க்கே குடத்துடன் சென்றனர். கொடுத்தவர்மீது குறையில்லை. கொண்டவர்களாகிய நம்மீதே குறை.

இக்குறை ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் பிற நாட்டு உதவியால் எழுந்த கட்டடங்களும் இயந்திரங்களும் நடத்துவோரும் பழுது பார்ப்போருமின்றிக் கிடந்ததுண்டு. ஆனால் வந்த உதவியைக் கொண்டு, கட்டடத்துக்கு முன்னதாகக் கணக்கிடும் ஆற்றலையே வளர்த்துக்கொண்ட நாடும் ஒன்று உண்டு. அதுவும் மாடு வளர்ப்போர் நாடே. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா என்னும் அந்நாட்டின் வரலாறு நம் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறியத்தக்கது.

வறுமையில் பிறந்த நாடு

போட்ஸ்வானா பரப்பில் நம் தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் அதன் பெரும்பகுதி கலகாரி என்னும் வறண்ட மணற்பரப்பாகும். கடற்கரை கிடையாது. 1885 முதல் பெச்சுவானாலாந்து என்னும் பெயருடன் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் இருந்தது. ஆண்டவர்கள் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். அந்நாட்டின் தலைமை அலுவலகம் அந்நாட்டுக்குள்ளேயே இல்லை. எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரில் இருந்தது. விடுதலை நெருங்கிய பின்னரே காபரோன் என்னுமிடத்தில் புதிய தலைநகர் கட்டப்பட்டது.

1966 செப்டம்பர் 30 அன்று நாடு விடுதலை பெற்றது. அப்போது அந்நாட்டிலிருந்த தார்ச்சாலை 12 கிலோமீட்டர் என்றும், பட்டம் பெற்றவர்கள் 22 பேர் என்றும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். விடுதலைக்கு முன் சில ஆண்டுகள் தொடர்ந்து வறட்சி நிலவியமையால், நாட்டின் கால்நடைச் செல்வத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்துபோயிற்று. மக்களில் பலர் பஞ்ச நிவாரண உணவை நம்பியிருந்தனர். அரசாங்கத்தின் அன்றாடச் செலவில் ஏறத்தாழப் பாதியைப் பிரிட்டிஷ் மானியமே ஈடு செய்தது.

சம்பளப் பட்டியலுக்கே பிறர் கையை எதிர்பார்க்கும் அரசாங்கம் பெயரளவில்தான் விடுதலை பெற்றதாகும். கொடுப்பவர் மனம் மாறினால் ஆசிரியருக்கும் காவலருக்கும் ஊதியம் இல்லை. இந்நிலையை முதற்குடியரசுத் தலைவர் செரெட்ஸே காமாவும், துணைத் தலைவர் குவெட் மசிரேயும் நன்கு உணர்ந்திருந்தனர். இவருள் மசிரே பள்ளி ஆசிரியராக இருந்து பின் உழவுத் தொழிலில் ஈடுபட்டவர். 1957இல் தேர்ந்த உழவர் என்னும் சான்று பெற்றவர். விதைநெல்லை உண்டால் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிதியும் திட்டமும் அவர் பொறுப்பில் வந்தன. வரும் உதவியை உண்டு தீர்ப்பதா, அல்லது உதவியே வேண்டாத நிலைக்கு ஏணியாகக் கொள்வதா என்பதே அவர்கள்முன் நின்ற கேள்வி.

பணத்துடன் ஆளும் வேண்டும்

திட்டமிடுவது என்றால் புத்தகம் ஒன்று அச்சிடுவது என்று பொருளன்று. நாட்டில் எத்தனை கிணறு, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வரவு என்று எண்ணத் தெரிந்தவர் வேண்டும். எதனை முதலில் செய்வது, எதனை ஒத்திவைப்பது என்று எடுத்துரைக்க வல்லவர் வேண்டும். அயலார் ஒப்பந்தம் நீட்டும்போது அதனை வரி வரியாகப் படித்துப் பார்ப்பவர் வேண்டும். பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில் இத்தகையவர் எங்கே கிடைப்பர்?

ஆகவே போட்ஸ்வானா, உதவி செய்ய முன்வந்தோரிடம் பணத்துடன் ஆட்களையும் கேட்டது. பிரிட்டன், அமெரிக்கா, சுவீடன், நார்வே முதலிய நாடுகளிலிருந்தும், ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் வாயிலாகவும் பொருளியலறிஞரும் பொறியாளரும் கணக்கரும் வந்தனர். அவர்கள் ஊதியத்தின் பெரும்பகுதியை அனுப்பியவர்களே ஏற்றனர். இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வந்த நிபுணர்களுள் பலர் தனி அறையில் அமர்ந்து ஆலோசனை கூறிப் போகும் விருந்தினராக வைக்கப்படவில்லை. அரசாங்கப் பதவிகளிலேயே அமர்த்தப்பட்டு, அந்நாட்டு மந்திரிகளின் ஆணைக்கு உட்பட்டு, அந்நாட்டின் கோப்புகளிலேயே பணியாற்றினர். ஊதியம் எவர் கொடுப்பினும் கட்டளை எவர் இடுகின்றார் என்பதே முக்கியம் என்று அந்நாட்டுத் தலைவர்கள் கருதினர். ஒருபுறம் இவர்கள் வேலை செய்ய, மறுபுறம் உள்நாட்டு இளைஞர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உதவிச் சம்பளத்துடன் அனுப்பப்பட்டனர்.

ஒரே வாயில், ஒரே பேரேடு

1967இல் வளர்ச்சித் திட்ட இலாகா ஏற்பட்டது. 1970இல் அது நிதி இலாகாவுடன் இணைக்கப்பட்டு ஒரே அமைச்சகம் ஆயிற்று. இதனை எளிதாகக் கருதிவிடலாகாது. பல நாடுகளில் திட்டம் தீட்டுவோர் ஓரிடத்திலும் பணப்பெட்டியின் சாவி வேறிடத்திலும் இருக்கும். முன்னவர் ஆசைகளை எழுதுவர். பின்னவர் இல்லை என்பர். நம் பஞ்சாயத்தில் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தால் என்ன நேருமோ, அதுவே அந்நாடுகளில் நேர்ந்தது. போட்ஸ்வானாவில் இவ்விரண்டும் ஒரே மேசைக்கு வந்தன. பயிற்சி பெற்ற திட்ட அலுவலர்கள் இவ்வமைச்சகத்திலிருந்து கல்வி, விவசாயம், சுகாதாரம் முதலிய ஏனைய இலாகாக்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கங்கே கணக்கிட்டனர்.

வெளிநாட்டு உதவி அனைத்தும் இவ்வொரு வாயில் வழியாகவே நுழைய வேண்டும் என்பது விதி. அதனுடன் வேறு சில விதிகளும் இருந்தன.

முதலாவது, சட்டசபை ஏற்ற தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெறாத வேலைக்கு உதவி கொள்வதில்லை என்பது. கொடுப்பவர் தமக்குப் பிடித்ததைக் கட்டிவிட்டுப் போக இயலாது. நாடு தனக்கு வேண்டியவற்றின் பட்டியலை விரித்துவைக்கும்; கொடுப்பவர் அதிலிருந்து தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, கட்டும் செலவுடன் நடத்தும் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது. ஒரு மருத்துவ நிலையம் இலவசமாய்க் கிடைப்பினும், அதற்குரிய செவிலியர் ஊதியம், மருந்து, வண்டிக்கு எண்ணெய் ஆகியவற்றை ஆண்டுதோறும் அரசாங்கமே தாங்க முடியுமா என்பது முன்கூட்டியே ஆராயப்பட்டது.

மூன்றாவது, கொடுப்போருக்குத் துறை பிரித்துக் கொடுப்பது. சுவீடன் கிராமக் குடிநீரிலும், நார்வே சுகாதாரத்திலும் தொடர்ந்து ஈடுபட்டன. வட எல்லையில் ஜாம்பியாவை இணைக்கும் சாலைக்கு அமெரிக்கா உதவிற்று. பத்துப் பேர் பத்துத் திசையில் இழுக்கும் குழப்பம் இதனால் குறைந்தது.

அறிவு ஈட்டித் தந்த வருவாய்

இவ்வாறு வளர்த்த ஆற்றல் என்ன பயன் தந்தது என்று விவசாயப் பெருமக்கள் கேட்பது இயல்பு. பயனை எண்ணிக் காட்டலாம்.

தென்னாப்பிரிக்காவுடன் போட்ஸ்வானாவுக்கு 1910 முதல் சுங்கவரிக் கூட்டு இருந்தது. பழைய ஏற்பாட்டின்படி சிறிய நாடுகளுக்குக் கிடைத்த பங்கு மிக அற்பம். கணக்குடன் பேச வல்ல அலுவலர் துணையோடு 1969இல் இவ்வொப்பந்தம் திருத்தப்பட்டபோது சுங்க வருவாய் பன்மடங்காயிற்று. தொடர்ந்து 1972-73ஆம் நிதியாண்டுடன் பிரிட்டிஷ் மானியத்தை அந்நாடு நிறுத்திக்கொண்டது. விடுதலை பெற்ற ஏழாண்டுக்குள் அன்றாடச் செலவைத் தன் வருவாயிலேயே ஈடுகட்டிய நாளை, உண்மையான இரண்டாம் விடுதலை நாள் என்று கூறினும் மிகையாகாது.

அடுத்தது வைரம். ஒராபா என்னுமிடத்தில் வைரப்படிவு கண்டுபிடிக்கப்பட்டது 1967இல். அதே ஆண்டில் நிலத்தடிக் கனிகள் அனைத்தும் நாட்டுக்கே பொது என்று சட்டம் இயற்றப்பட்டது. ஒராபா, குடியரசுத் தலைவரின் சொந்த இனத்தார் வாழும் பகுதியில் இருந்தும், அவர் அச்செல்வத்தைத் தம் இனத்தார்க்கென ஒதுக்கிக்கொள்ளவில்லை என்பது போற்றத்தக்கது. 1971இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியபோது கம்பெனியில் அரசாங்கத்தின் பங்கு 15 சதவிகிதமே. சுரங்கம் நல்ல ஆதாயம் தருவதை அறிந்த அரசாங்கம் மீண்டும் பேச்சு நடத்தி, 1975இல் அதனை 50 சதவிகிதமாக உயர்த்திக்கொண்டது. உலகின் மிகப் பெரிய வைரக் கம்பெனியின் எதிரில், சில ஆண்டுகளுக்கு முன் 22 பட்டதாரிகளே இருந்த நாடு அமர்ந்து பேசிற்று. பிறர் உதவியால் வளர்ந்த கணக்கறிவு அங்கே உதவிற்று. கனி பூமி கொடுத்தது. ஆயின் பங்கு அறிவு கொடுத்தது. வைரமிருந்தும் வறுமையும் உள்நாட்டுப் போரும் கண்ட ஆப்பிரிக்க நாடுகள் உண்டு என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கிராமத்துக்கு வந்த திட்டம்

தலைநகரில் மட்டும் திட்டமிட்டால் போதாது என்பதை அந்நாட்டினர் உணர்ந்தனர். விடுதலையோடு மாவட்டக் கவுன்சில்கள் ஏற்பட்டன. 1968இல் கிராம வளர்ச்சிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. அந்நாட்டுக் கிராமங்களில் கோட்லா என்னும் பொதுமன்றம் தொன்றுதொட்டு உண்டு. தலைவர் நடுவே அமர, ஊரார் சூழ்ந்திருந்து எவரும் எழுந்து பேசும் மரபு அது. நம் ஊர்ச் சாவடியையும் ஆலமரத்தடியையும் ஒத்தது. இம்மன்றத்தின் முன்னிலையிலேயே வளர்ச்சிக் குழுவின் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மாவட்டந்தோறும் வளர்ச்சிக்கெனத் தனி அலுவலர் நியமிக்கப்பட்டார். உள்நாட்டவர் போதாத காலத்தில் வெளிநாட்டு இளந்தொண்டர்களும் அப்பதவியில் பணியாற்றினர்.

1973 முதல் 1976 வரை விரைவு கிராம வளர்ச்சித் திட்டம் ஒன்று நடைபெற்றது. பள்ளி, மருத்துவ நிலையம், கிராமச் சாலை, குடிநீர் ஆகியவை நாடெங்கும் ஏற்பட்டன. இவற்றின் மதிப்பு பின்னர் வந்த பெரும் சோதனையில் விளங்கிற்று.

1982 முதல் 1987 வரை மீண்டும் கொடிய வறட்சி வந்தது. விளைச்சல் அற்றது, கால்நடைகள் மெலிந்தும் மடிந்தும் போயின. ஆயினும் இம்முறை மக்கள் பட்டினியால் மாளவில்லை. மருத்துவ நிலையங்களில் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து எடை குறித்து வந்தனர். எடை குறையும் பகுதி எது என்று அக்கணக்கே அரசாங்கத்துக்கு முன்னெச்சரிக்கை தந்தது. பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் உணவு வழங்கப்பட்டது. கிராம வளர்ச்சிக் குழுக்கள் மூலம் கூலி வேலை கொடுக்கப்பட்டது. பொருளியலறிஞர் அமர்த்தியா சென்னும் ஜீன் டிரேஸும் பசிக்கொடுமையைத் தடுப்பது பற்றி எழுதிய ஆராய்ச்சியில் இந்நாட்டின் அனுபவத்தை எடுத்துக்காட்டியுள்ளனர். மழையைத் திட்டத்தால் வரவழைக்க முடியாது. ஆனால் மழை பொய்த்தபோது குழந்தையின் கிண்ணத்தில் சோறு இருப்பதற்குத் திட்டம் வேண்டும்.

அங்கும் உள்ள குறைகள்

நிறையை மட்டும் கூறிக் குறையை மறைப்பது முறையன்று. 1975இல் மேய்ச்சல் நிலக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. அதனை விளக்க 1976இல் வானொலி கேட்கும் குழுக்கள் ஊர்தோறும் அமைக்கப்பட்டன. ஆயினும் அக்கொள்கை, நாட்டில் ஆளில்லாத நிலம் ஏராளம் என்னும் அனுமானத்தின்மீது எழுந்தது. உண்மையில் அந்நிலங்களில் வேடுவ மக்களும் ஏழை மேய்ப்பரும் வாழ்ந்துகொண்டிருந்தனர். பயன் பெரும்பாலும் பெரும் மந்தை உடையோருக்கே சென்றது. நேரில் சென்று காணாமல் வரைபடத்தை நம்பும் திட்டம், எத்துணை அறிஞர் தீட்டினும் பிழைபடும் என்பதற்கு இது சான்று.

மேலும், வெளிநாட்டு அலுவலரை உடனே நீக்கினால் வேலைத்தரம் குன்றும் என்று அஞ்சி, அவர்களை நெடுங்காலம் வைத்திருந்தனர். அதனைப் பற்றி உள்நாட்டு இளைஞரிடையே மனக்குறை இருந்தது. 1994இல் ஐக்கிய நாடுகளின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து முதன்முதலாக விலகிய நாடு என்னும் பெருமையைப் பெற்றும், செல்வருக்கும் எளியருக்குமுள்ள இடைவெளி அங்கு மிகப் பெரிது. வைரம் ஒன்றையே பெரிதும் நம்பியதன் துன்பத்தையும் அண்மை ஆண்டுகளில் வைர விற்பனை குன்றியபோது அந்நாடு அனுபவித்தது.

நம் நாட்டு அனுபவம்

இவை அனைத்தும் நமக்கு அயலானவை அல்ல. நம் வட்டார வளர்ச்சி அமைப்பின் தொடக்கத்திலும் பிறர் உதவி உண்டு. 1952 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 55 சமூக நலத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. கிராம சேவகர்களைப் பயிற்றுவிப்பதற்கு ஃபோர்டு அறநிலையமும் உதவிற்று. அடுத்த ஆண்டு தேசிய விஸ்தரிப்புச் சேவை வந்தது. வட்டாரம் என்னும் அலகும், நாம் வகிக்கும் பதவியும் அக்காலத்தில் வேரூன்றியவை.

ஆனால் 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு இவ்வேலைகளை ஆராய்ந்து, மக்கள் இதனைத் தம் வேலையாகக் கொள்ளவில்லை என்று கண்டது. அதிகாரி வந்தால் வேலை, அதிகாரி போனால் ஓய்வு என்னும் நிலை மாறுவதற்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று அது கூறிற்று. சென்னை ராஜ்யத்தில் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டமும் அதன்வழி வந்த பஞ்சாயத்து யூனியன்களும் அப்பாதையில் எழுந்தவை. இரு நாட்டு அனுபவமும் ஒன்றையே உரைக்கின்றன. வெளியிலிருந்து வரும் உதவி, நம் கணக்கிடும் கையை வலுப்படுத்தினால் நிலைக்கும். அக்கையை ஓய்வு கொள்ளச் செய்தால் நிலைக்காது.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

கிராம சபையின் முன் ஆண்டுதோறும் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வைக்கப்படுகிறது. அதனைச் சடங்காக எண்ணிக் கைதூக்கிவிட்டு வரலாகாது. அரசாங்கம் தரினும், அறநிலையம் தரினும், வெளியூர் சென்று பொருளீட்டிய நம் ஊர்ப்பிள்ளையே தரினும், கொடை வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இது நம் திட்டத்தில் உள்ளதா? ஆண்டுதோறும் இதனை நடத்த என்ன செலவு, அதனைத் தருபவர் எவர்? இதனை இயக்கவும் பழுது பார்க்கவும் நம் ஊரில் எவர் கற்றுக்கொள்வர்? கொடுப்பவர் போன பின்னும் இது நிற்குமா? இவற்றைக் கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. கொடுத்த பொருள் வீணாகாமல் காப்பதே கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை.

தொடக்கத்தில் கூறிய சுத்திகரிப்பு நிலையத்தின் செய்தியைக் கூறி முடிப்போம். அவ்வூர்க் கிராம சபையில் அம்மையார் ஒருவர் எழுந்து, “ஐயா, சாவி யாரிடம் இருக்கிறதென்று நான் கேட்கவில்லை, மாதம் எவ்வளவு ஆகும் என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். முதல் நாளிலேயே நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்று பள்ளிக் கரும்பலகையில் மின்கட்டணம், வடிகட்டி, இயக்குபவர் கூலி மூன்றையும் எழுதிக் கூட்டினோம். குடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊராரே விலை வைத்தனர். கணக்கு எழுதும் பொறுப்பை மகளிர் குழு ஏற்றது. பூட்டுத் திறக்கப்பட்டது. இயந்திரம் சில நாள் முரண்டு செய்வதுண்டு. எனினும் அதனைப் பழுது பார்க்க ஊர் இளைஞர் ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். போடுவதற்கு மட்டுமன்று, வாங்குவதற்கும் அளவு வேண்டும். அடுத்த கிராம சபைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பொது உடைமை ஒன்றின் பெயரைக் குறித்துக்கொண்டு செல்வாராக. அதன் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்பாராக. நம் ஊரின் திட்டம் அக்கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.